சர்க்கார் கொடுத்த மடிக்கணினியும் மைக்ரோஸாப்ட் விதித்த கெடுவும்

சென்ற 2025ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 14ந் தேதியோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்தைப் பராமரிக்கும் பொறுப்பினின்றும் மைக்ரோஸாப்ட் கம்பெனியார் விலகிக்கொண்டனர். அதில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளை அவர்கள் சாதாரணமாகச் செப்பனிட்டுத் தருவதில்லை. தனிநபர்களுக்கு, சில நிபந்தனைகளின் பேரில், 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் அளிப்பதாக அறிவித்தார்கள். அமெரிக்காவிலுள்ள ஒரு கம்பெனியின் தீர்மானத்தால் தாமிரவருணிக் கரையில் யாருக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கக்கூடும்.

நஷ்டம் உண்டு. 2011ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 15ந் தேதி தொடங்கப்பட்ட இலவச மடிக்கணினித் திட்டத்தின் கீழ், 2020க்குள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கு மேற்பட்ட கருவிகள் வழங்கப்பட்டன. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் முதலிய ஊர்களில் எத்தனையோ வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கணினி அதுவே. அன்று பன்னிரண்டாம் வகுப்பில் அதை வாங்கிய மாணவன் இன்று குடும்பஸ்தன். அவன் தம்பியோ தங்கையோ அதில் வேலைவாய்ப்பு விண்ணப்பம் அனுப்புகிறார்கள். தகப்பனார் பாங்கிக் கணக்கைப் பார்க்கிறார். காவலற்ற கணினியில் பாங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டில்லாத கடையில் பணப்பெட்டியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவதை ஒக்கும்.

விண்டோஸ் 11ஐ ஏற்றிக்கொள்ளலாமே என்றால், அதன் வாயிற்காவலர்கள் வழிமறிக்கிறார்கள். டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் கம்பெனியின் செயலியாயின் பெரும்பாலும் 2017க்குப் பின் வந்த எட்டாம் தலைமுறையாக இருத்தல் வேண்டும். 2011 முதல் 2016 வரை கொடுக்கப்பட்ட கருவிகளில் ஒன்றும் இச்செயலி விதிக்கு உட்படாது. அச்சில்லு வீணென்று நாம் சொல்லவில்லை. ரகசியச் சாவிகளைத் தனியிடத்தில் காப்பது நல்ல ஏற்பாடே. ஆனால் நன்றாய் ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தைக் குப்பையில் எறிவதற்கு அதுவே போதிய காரணம் என்பதை நாம் ஏற்பதற்கில்லை. தாமிரவருணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஏழு, ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. அவற்றில் மணல் மேடிட்டால் வாருகிறோம், மதகு பழுதானால் மாற்றுகிறோம். வயது ஏறிவிட்டதென்று ஆற்றை வேறு பக்கம் திருப்பச் சொன்னவர் எவருமில்லை.

இந்நிலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் ஒரு யுக்தி வழங்கி வருகிறது. ரூஃபஸ் என்னும் சிறு செயலியைக்கொண்டு பென் டிரைவைத் தயாரித்து, மேற்சொன்ன சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11ஐப் பழைய கருவியில் புகுத்திவிடுகிறார்கள். ஓடுகிறது, அதை மறுப்பதற்கில்லை. எனினும் இவ்விதம் ஏற்றிய கருவிகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்குமென்று மைக்ரோஸாப்ட் உறுதி கூறவில்லை. 2024இல் வெளியான பதிப்பு ஒரு படி மேலே சென்றது. செயலியில் சில கட்டளைகள் இல்லாவிடில் அது தொடங்கவே மறுத்தது. கோர் 2 டுவோ வகைக் கணினிகள் அதனோடு வெளியேறின. விளையாட்டுக்கு வைத்திருப்பவர் இந்த யுக்தியைக் கையாளட்டும். ஊதியமும் சேமிப்பும் அதே கணினி வழியாகச் செல்லும் குடும்பத்திற்கு இதை நாம் சிபார்சு செய்யமாட்டோம்.

வேறு வழி நம் கையிலேயே இருந்தது. அதை நாம் திறந்து பார்க்கவில்லை. 2011இல் வந்த மடிக்கணினிகளுக்கு விண்டோஸ் 7 ஸ்டார்ட்டருடன் பாஸ் லினக்ஸையும் சேர்த்து ஏற்றித் தரவேண்டுமென்று ஏற்பாடாகியிருந்தது. பாஸ் லினக்ஸ், சி-டாக் என்னும் மத்திய சர்க்கார் ஸ்தாபனத்தின் சென்னைக் கிளையார் டெபியனை அடிப்படையாகக்கொண்டு ஆக்கியது. சுதேசிச் சரக்கென்றே சொல்லலாம். அதற்கும் முன்பே எல்காட் நிறுவனம் தன் அலுவலகங்களில் லினக்ஸைப் புகுத்தியது. பொதிகைக்கு அப்பால் கேரளத்துப் பள்ளிகள் அதைப் பாடமாகவே ஆக்கி, இன்று கைட் குனு/லினக்ஸ் என்ற தங்கள் பதிப்பையே வைத்திருக்கின்றன. மலைக்கு இப்பால் ஆசிரியருக்குப் பயிற்சியில்லை, கேள்வித்தாளில் இடமில்லை. பையன்கள் அந்தப் பகுதியை அழித்துவிட்டுச் சினிமாப் படங்களுக்கு இடம் பண்ணினார்கள். பையன்களைக் குறை சொல்வது நியாயமன்று.

லினக்ஸில் தொல்லையே இல்லையென்று கூறுவோர் உண்மையைக் கூறுபவரல்லர். ப்ராட்காம் சில்லு கொண்ட சில மடிக்கணினிகளில் வைஃபை முதலில் எழும்பாது; தனி இயக்கி தேடி ஏற்றவேண்டும். அதனினும் பெரிய முட்டுக்கட்டை நம் தமிழிலேயே இருக்கிறது. பத்திரம் எழுதுபவரும் அழைப்பிதழ் அச்சிடுபவரும் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களையும், 2001க்குப் பின் புதுப் பதிப்பே வராத பேஜ்மேக்கரையும் விட்டு அகலமாட்டார்கள். தமிழக சர்க்கார் 2010ஆம் வருஷமே யூனிகோடை ஒப்புக்கொண்டு உத்தரவு பிறப்பித்தது. தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. ஆயினும் பத்து வருஷத்துக் கோப்புகளை மாற்றும் பிரயாசையை எண்ணி மலைக்கிறார்கள். அவர்கள் பழைய விண்டோஸை அந்த ஒரு வேலைக்கென்று, இணையத் தொடர்பைத் துண்டித்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மற்றையோர் செய்யவேண்டியது கொஞ்சமே. கோப்புகளை முதலில் வேறொரு டிஸ்கில் பிரதியெடுத்துக்கொள்க. லினக்ஸ் மின்ட் போன்றதொன்றைப் பென் டிரைவிலிருந்தே, உள்ளிருக்கும் டிஸ்கைத் தொடாமல், ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்பது அப்போதே தெரிந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பூட்டி, 2 ஜிபி ராமை 4 ஆக்கினால், கருவி ஓடும் வேகம் கண்டு உடையவரே வியப்பார். 32 பிட் செயலி மட்டுமே உள்ள மிகப் பழைய கணினிகள் விஷயம் வேறு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, அவற்றுக்கான நிறுவியை நிறுத்திவிட்டது.