கயிற்றை விடு, பிளக்கைப் பார்

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் கரையில், கிழக்கு வெளுக்கும் நேரம். வள்ளத்தின் பின்பலகையில் மாட்டியிருந்த பழைய இரண்டு ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் எஞ்சினின் கயிற்றை ஓர் இளைஞர் இழுத்துக்கொண்டே இருந்தார். முப்பது முறைக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு பெருமூச்சு விட்டு எஞ்சின் அடங்கிப்போனது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மெக்கானிக் ஒருவர் எழுந்து வந்தார்.

“மக்கா, இழுத்தது போதும். பிளக்கைக் கழட்டு.”

“ரெண்டு மாசம் மணல்ல கெடந்தது, அண்ணே. அதுக்கு முந்தி நல்லா ஓடின எஞ்சினாக்கும்.”

“கழட்டு, பாப்பம்.”

பிளக் கையில் வந்ததும் அவர் முதலில் அதைப் பார்க்கவில்லை, மோந்து பார்த்தார். அந்த ஒரு செயலில் எவ்வளவு வேதியியல் அடங்கியிருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எஞ்சின் உயிர் பெற மூன்று தேவை: சரியான அளவில் கலந்த எரிபொருளும் காற்றும், அந்தக் கலவையை நெருக்கும் அமுக்கம், சரியான நொடியில் ஒரு பொறி. மூன்றும் சந்திக்கும் சிலிண்டருக்குள் நாம் எட்டிப் பார்க்க முடியாது. அங்கே தலையை நீட்டிக்கொண்டிருப்பது பிளக் ஒன்றுதான். அது காய்ந்து வந்தால் எரிபொருள் சிலிண்டரை எட்டவில்லை. நனைந்து வந்தால் எரிபொருள் வந்திருக்கிறது, ஆனால் எரியவில்லை. தேடலின் பாதி இந்த ஒரு பார்வையில் முடிந்துவிடும். அதைச் செய்யாமல் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தால் சிலிண்டருக்குள் எரிபொருள் மேலும் மேலும் தேங்கும். சின்னக் கோளாறு பெரிதாகும்.

முட்டத்தில் அன்று பிளக் நனைந்துதான் வந்தது. வாடையோ பெட்ரோல் வாடை அல்ல, மண்ணெண்ணெய் வாடை.

நம் கடற்கரையில் இந்த எஞ்சின்களை ஓட்டும் முறை தனி. புறப்படுவது பெட்ரோலில்; எஞ்சின் சூடானபின் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். விலை ஒரு காரணம். ஆனால் ஏன் நேராக மண்ணெண்ணெயிலேயே கிளப்பக் கூடாது? திரவம் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. பெட்ரோல், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் அளவுக் குளிரிலும் தீப்பற்றப் போதுமான ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். விடியற்காலையில் குளிர்ந்து கிடக்கும் இரும்புக்குள் மண்ணெண்ணெய் துளித்துளியாகப் படியுமே தவிர ஆவியாகாது. பொறி எவ்வளவு பலமாக இருந்தாலும் ஈரத்தை என்ன செய்ய முடியும்?

ஆக, கோளாறு அன்று காலையில் பிறந்ததல்ல. இரண்டு மாதத்துக்கு முன், கடைசியாகக் கரையேறிய நாளில், பெட்ரோலுக்குத் திரும்பாமல் மண்ணெண்ணெயிலேயே எஞ்சினை நிறுத்தியிருக்கிறார்கள். கார்புரேட்டர் கிண்ணம் நிறைய அது அப்படியே நின்றிருந்தது. பெட்ரோல் நின்றிருந்தால் வேறு வகைத் தொல்லை. இலகுவான பகுதி ஆவியாகிப் பறந்துவிடும். மிச்சம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்புப் பிசினாகும். கார்புரேட்டர் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது, அதை அடைக்க ஒரு துளிப் பிசின் போதும். அப்படிப்பட்ட எஞ்சினில் பிளக் காய்ந்துதான் வரும். ஜெட்டைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். பித்தளைத் துளை கொஞ்சம் அகன்றாலும் கலவையின் அளவு மாறிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்து ஊதுவதே சரி.

பிளக் காய்ந்திருந்தால் கார்புரேட்டரைத் திறக்குமுன் பார்க்க வேண்டிய எளிய இடங்களும் உண்டு. டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி எண்ணெய் வராது. எரிபொருள் குழாயிலுள்ள ரப்பர் பல்பை அமுக்க அமுக்க அது கல்லாக இறுக வேண்டும். இறுகாவிட்டால் குழாயில் எங்கோ காற்று புகுகிறது. இப்போது பங்க்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாக இறங்கிவிடும். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்தால் அடியில் அந்தப் படலம் தெரியும்.

முட்டத்துக்கு வருவோம். கிண்ணத்தை வடித்தார்கள், பெட்ரோல் விட்டார்கள், பிளக்கைத் துடைத்து மாட்டினார்கள். இழுத்தால், அப்போதும் எஞ்சின் கிளம்பவில்லை. பழைய எஞ்சினில் இது வழக்கம். ஒரு கோளாறு இன்னொன்றை மறைத்துக்கொண்டு நிற்கும்.

அடுத்தது பொறி. பிளக்கை மறுபடி கழற்றி, அதன் வயரோடு, ரப்பர் பிடி போட்ட குறட்டால் எஞ்சின் உடம்பில் ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுக்க வேண்டும். சிந்திய பெட்ரோலை முதலில் துடைத்துவிட வேண்டும். சிலிண்டர் துளையிலிருந்து பிளக்கைத் தள்ளியே பிடிக்க வேண்டும். துளையிலிருந்து பீய்ச்சும் ஆவியில் பொறி பட்டால் முகம் கருகும்.

இந்த எஞ்சினில் பேட்டரி கிடையாது. பொறிக்கான மின்சாரம் கயிற்றை இழுக்கும் கையிலிருந்துதான் பிறக்கிறது. ஃப்ளைவீலின் உட்புறம் காந்தங்கள் பதிந்திருக்கும். அவை கம்பிச்சுருளைக் கடக்கும்போது சுருளில் மின்சாரம் எழும். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த தூண்டல் இது. காந்தப்புலம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம். அதனால்தான் மெதுவாகப் பத்து முறை இழுப்பதைவிட, கயிறு பல் பிடிக்கும்வரை நிதானமாக இழுத்து, பிறகு ஒரே வீச்சில் விசையோடு இழுப்பது மேல். களைத்த கை பொறியையும் களைக்க வைக்கும். பழைய மாடல்களில் ‘பாயிண்ட்’ எனப்படும் சிறு தொடுமுனைகள் சரியான நொடியில் விலகும். சில நூறு சுற்றுள்ள முதல் சுருளில் மின்னோட்டம் சட்டென்று அறும், பல ஆயிரம் சுற்றுள்ள இரண்டாம் சுருளில் பத்தாயிரம் வோல்ட்டையும் தாண்டிய அழுத்தம் எகிறும். பின்வந்த எஞ்சின்களில் பாயிண்டின் வேலையை மின்னணுப் பெட்டி செய்கிறது.

பொறியின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நீலமாக, ‘சட்’ என்ற ஓசையோடு வந்தால் நல்லது. மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் நம்பக் கூடாது. வெளிக்காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் நெருக்கப்பட்ட கலவையைத் துளைக்க அதைப்போலப் பல மடங்கு வேண்டும். வெளியே மின்னும் பிளக் உள்ளே ஊமையாகிவிடக் கூடும்.

அன்று நீலமும் வரவில்லை, மஞ்சளும் வரவில்லை. காயில், அதாவது அந்தக் கம்பிச்சுருள், போயிற்று என்று இளைஞர் முகம் வாடினார். மெக்கானிக் காயிலைத் தொடவேயில்லை. எஞ்சினை நிறுத்தும் பொத்தானிலிருந்து வரும் வயரைத் தேடிப்பிடித்து, அதன் இணைப்பை உருவினார். “இப்பம் இழு.” நீலப் பொறி!

நிறுத்தும் பொத்தான் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. சுருளில் பிறக்கும் மின்சாரத்தை எஞ்சின் உடம்புக்கே திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். அந்தப் பொத்தானுக்குள் கடல்நீர் புகுந்து உப்பு படிந்திருந்தது. காற்றின் ஈரத்தில் நனைந்த உப்பு நல்ல மின்கடத்தி. யாரும் அமுக்காமலே பொத்தான் இரண்டு மாதமாக அமுக்கப்பட்ட நிலையில் இருந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்காமல் காயில், பெட்டி என்று ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்களை நான் அறிவேன்; எண்ணும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

அமுக்கத்தை அன்று சோதிக்க வேண்டியிருக்கவில்லை. பிளக் துளையில் கட்டைவிரலை வைத்து மெல்ல இழுத்தால் காற்று விரலை முரட்டுத்தனமாகத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் பிஸ்டன் ரிங் கரியில் ஒட்டியிருக்கலாம், அல்லது தேய்ந்திருக்கலாம். அது கரையில் முடியும் வேலை இல்லை.

நல்ல தண்ணீரில் பொத்தானைக் கழுவிக் காயவைத்தார்கள், வயரை மாட்டினார்கள். இரண்டாம் இழுப்பில் நீலப் புகையோடு எஞ்சின் பிடித்துக்கொண்டது. உடனே இளைஞரின் கை மண்ணெண்ணெய்க் குழாய்க்குப் போனது. மெக்கானிக் அந்தக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, எஞ்சினின் பின்புறச் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று குனிந்து பார்த்தார். உள்ளே கடல்நீரை இறைக்கும் ரப்பர் இம்பெல்லர் வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு உப்புத்தூளோடு கொஞ்சம் கலங்கலாக, அப்புறம் தெளிவாக, விரல் கனத்தில் நீர் வந்தது.

“சாயங்காலம் கரைக்கு வருமுன்ன பெட்ரோலுக்கு மாத்திரு, மக்கா” என்று சொல்லிவிட்டு அவர் வலைக்குத் திரும்பினார்.