பொட்டலத்தில் கீழாநெல்லி

டீக்கடை பெஞ்சில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். கையில் செய்தித்தாள் பொட்டலம். பிரித்தால் வேரோடு பிடுங்கிய கீழாநெல்லி.

"பையனுக்கு மஞ்சக்காமாலைண்ணே. அரைச்சு மோர்ல கொடுக்கச் சொல்றாங்க அம்மா. ஆஸ்பத்திரிக்கு வேற போகணுமா?"

ஒரு கிளையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இலைகளுக்கு அடியில் கடுகைவிடச் சற்றே பெரிய பச்சை உருண்டைகள் வரிசையாகத் தொங்கின. பெயர் வந்ததே இதனால்தான். செடி சரியான செடிதான். நானும் பள்ளி நாளில் உப்பில்லாப் பத்தியத்தோடு இதைக் குடித்துக் குணமானவன்.

ஆனால் மஞ்சக்காமாலை என்பது நோயல்ல, அடையாளம். பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதை வாங்கிப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. டீ மாஸ்டர் கையிலிருந்த வடிகட்டியைக் காட்டினேன்: டிக்காஷனை அளவுக்கு மீறி ஊற்றினாலும் வழியும், வடிகட்டி கெட்டாலும் வழியும், கீழே அடைத்துக்கொண்டாலும் வழியும். பிலிருபினும் அப்படித்தான்; மூன்றிலும் கண் மஞ்சளாகும். மருந்துதான் மூன்றுக்கும் ஒன்றல்ல.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வருவது, கெட்ட தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் ஏ. சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். இறங்குகிற நேரத்தில் எதைக் குடித்தோமோ அது பெயர் வாங்கிக்கொள்கிறது. என்னைக் குணமாக்கியது கீழாநெல்லியா, நாட்களா என்று என்னாலேயே சொல்ல முடியாது.

"அப்போ ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சிருக்காங்கன்னு சொல்றாங்களே?"

பாதி உண்மை. 1988-இல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்குடன் சேர்ந்து, லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காய்ந்த கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்னொன்று, அது கண் மஞ்சளானவர்களுக்கான சோதனையே இல்லை; ஹெபடைடிஸ் பி வைரஸை நெடுநாளாக உடம்பில் சுமந்தவர்களுக்கானது.

கீழாநெல்லியை நான் பழிக்கவில்லை. அதை நம்பிக் கழிகிற நாட்களை நினைத்துத்தான் பயம். எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். அதற்கு ஆன்டிபயாட்டிக் உடனே வேண்டும். பித்தக்கல் குழாயை அடைத்திருந்தால் எந்த இலைச்சாறும் கல்லைத் தள்ளாது. நிறைமாதக் கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தால் உயிருக்கே ஆபத்து. எது என்று ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சொல்லும். கண்ணின் நிறம் சொல்லாது.

"பையன் வெளிக்குப் போறது என்ன நிறத்துல இருக்கு?"

டீ கிளாஸ் பாதியில் நின்றது. "சுண்ணாம்பு மாதிரி வெளுப்பா இருக்குண்ணே. நாலு நாளா உடம்பைச் சொறிஞ்சுக்கிட்டே இருக்கான்."

"பித்தம் குடலுக்குப் போய்ச் சேரலைன்னு அர்த்தம். ஏன்னு இன்னிக்கே பார்க்கணும்."

பொட்டலத்தை பெஞ்சிலேயே விட்டுவிட்டு பைக் சாவியைத் தேடினார்.