மிலிட்டரி ஜீப்பா? கடத்தல் ஜீப்பா? பழைய வண்டியின் பூர்வீகத்தை கண்டுபிடிப்பது எப்படி?

ஓசூர்:-

கெலவரப்பள்ளி அணையை தாண்டி சில கிலோ மீட்டர் போனால் கர்நாடகம் வந்துவிடும். அந்தப்பக்கம் பெங்களூர், இந்தப்பக்கம் ஓசூர் சிப்காட். ஆட்கள், காய்கறி, பூ, கல், இரும்பு என்று இரவு பகலாக எல்லையை தாண்டிக்கொண்டே இருக்கின்றன. இதில் பழைய வண்டி வியாபாரமும் அடக்கம். கர்நாடக நம்பர் ஜீப் இங்கே விலைக்கு வரும். இங்குள்ள ஜீப் அங்கே போகும்.

பாகலூர், பேரிகை, தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் தோட்டம் துரவு வைத்திருப்பவர்களுக்கு பழைய ஜீப் மீது தனி மோகம் உண்டு. சேறு, மேடு, கரடுமுரடு எதையும் பார்க்காமல் ஏறும். உள்ளூர் மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். "மிலிட்டரி வண்டி சார், என்ஜின் சும்மா கும்முன்னு இருக்கும், பேப்பர் எல்லாம் பக்கா" என்று புரோக்கர் சொன்னதும், சீட்டு எடுத்த பணத்தை அப்படியே கொடுத்து விடுகிறவர்கள் பலர்.

வண்டி இதற்கு முன்பு யாரிடம் இருந்தது? எதற்கு ஓடியது? இந்த 2 கேள்விக்கும் பதில் தெரியாமல் வாங்கினால் வண்டியும் போகும், பணமும் போகும், கோர்ட்டு படியும் ஏற வேண்டி வரும். இதற்கு பெரிய உதாரணமாக 2025-ம் ஆண்டு கேரளாவில் ஒரு அதிரடி நடந்தது. அது பற்றிய விவரம் வருமாறு:-

ஆபரேஷன் நும்கோர்

2025 செப்டம்பர் 23-ந்தேதி கேரளா முழுவதும் சுங்கத்துறை அதிகாரிகள் திடீர் சோதனை நடத்தினார்கள். இதற்கு 'ஆபரேஷன் நும்கோர்' என்று பெயர். பூட்டான் மொழியில் நும்கோர் என்றால் வண்டி என்று அர்த்தம். நடிகர்கள் பிருதிவிராஜ், துல்கர் சல்மான் வீடுகளிலும் சோதனை நடந்ததால் நாடே திரும்பிப் பார்த்தது. முதல் நாளிலேயே 30-க்கும் மேற்பட்ட வண்டிகள் பறிமுதல் செய்யப்பட்டன.

பூட்டான் ராணுவம் கழித்துப்போட்ட லேண்ட் குரூசர் போன்ற வண்டிகளை குறைந்த விலைக்கு எடுத்து, வரி கட்டாமல் இந்தியாவுக்குள் கொண்டு வந்துவிட்டார்கள் என்பது சுங்கத்துறையின் குற்றச்சாட்டு. இந்திய ராணுவம், அமெரிக்க தூதரகம், வெளியுறவு அமைச்சகம் பெயரில் போலி காகிதங்கள் தயாரித்து, இமாச்சலபிரதேசம், அருணாசலபிரதேசம் போன்ற மாநிலங்களில் பதிவு செய்து, பிறகு தென்மாநிலங்களில் விற்றதாக அதிகாரிகள் தெரிவித்தனர்.

அடுத்து அமலாக்கத்துறையும் களத்தில் குதித்தது. அக்டோபர் 8-ந்தேதி கேரளா, தமிழ்நாட்டில் 17 இடங்களில் சோதனை நடந்தது. கோவையை மையமாக வைத்து ஒரு கும்பல் செயல்பட்டதாக அமலாக்கத்துறை அப்போது கூறியது. ஆக, இது ஏதோ கேரளா சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கி விட முடியாது.

துல்கர் வண்டி

பறிமுதலான வண்டிகளில் துல்கர் சல்மானின் லேண்ட் ரோவர் டிபென்டரும் ஒன்று. அவர் கேரள ஐகோர்ட்டுக்கு போனார். அந்த வண்டி முதன்முதலில் டெல்லியில் உள்ள சர்வதேச செஞ்சிலுவை சங்க அலுவலகத்துக்காக இறக்குமதி ஆனது என்றும், காகிதங்களை நம்பித்தான் வாங்கியதாகவும் அவர் தரப்பில் சொல்லப்பட்டது. வண்டியை இடைக்காலமாக விடுவிக்க கேட்டு மனு கொடுக்கும்படியும், அதை சுங்கத்துறை பரிசீலித்து முடிவு எடுக்க வேண்டும் என்றும் ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

பறிமுதல் ஆனதாலேயே ஒருவர் தப்பு செய்தார் என்று ஆகிவிடாது. ஆனால் ஒன்றை கவனிக்க வேண்டும். "இந்த வண்டியின் முதல் ஓனர் யார்?" என்ற கேள்விக்கு பதில் சொல்ல, பெரிய நடிகரே வக்கீல் வைத்து கோர்ட்டில் நிற்க வேண்டி இருந்தது. மாத சம்பளக்காரரும் டிரைவரும் இந்த சிக்கலில் மாட்டினால் என்ன ஆவது?

ஜீப் வந்த கதை

வண்டியின் பூர்வீகம் தெரிய வேண்டும் என்றால், முதலில் அது எந்த வகை என்று தெரிய வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் பழைய ஜீப்புகள் பெரும்பாலும் 3 வகை.

முதல் வகை, 2-வது உலகப்போர் ஜீப். வில்லிஸ், போர்டு என்ற 2 அமெரிக்க கம்பெனிகள் 1941 முதல் 1945 வரை 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளை செய்தன. போர் முடிந்ததும் இந்தியாவில் மிச்சம் இருந்தவை ஏலம் விடப்பட்டன. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் போர்டு ஜீப்பின் போல்ட்டு தலையில் 'எப்' என்ற ஆங்கில எழுத்து அச்சாகி இருக்கும். வில்லிசில் சேசின் முன்பக்க குறுக்குக் கம்பி உருண்டை குழாயாக இருக்கும். போர்டில் கவிழ்த்த தொட்டி போல இருக்கும்.

2-வது வகை, மகிந்திரா ஜீப். 1945-ல் தொடங்கிய அந்த கம்பெனி, சுதந்திரம் கிடைத்த காலகட்டத்தில் வில்லிஸ் ஜீப் பாகங்களை வரவழைத்து மும்பையில் பூட்ட ஆரம்பித்தது. பிறகு இங்கேயே செய்தது. பானெட் உயரமாக இருக்கும் சி.ஜே.3பி ரகம்தான் போலீஸ் ஜீப், பஞ்சாயத்து யூனியன் ஜீப், ஜப்திக்கு வந்த தாசில்தார் ஜீப் என்று கிராமங்களில் பல ஆண்டுகள் ஓடியது. அதன்பிறகு வந்த எம்.எம்.540 ரகத்தில் பீஜோ டீசல் என்ஜின் இருந்தது.

3-வது வகை, ஜோங்கா. ஜப்பானின் நிசான் பேட்ரோல் வண்டியை மாதிரியாக வைத்து, நமது ராணுவத்துக்காக ஜபல்பூர் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை தயாரானது. 6 சிலிண்டர், சுமார் 4 லிட்டர் பெட்ரோல் என்ஜின். 2019 அக்டோபரில் கிரிக்கெட் வீரர் டோனி ராஞ்சி ரோட்டில் ஜோங்கா ஓட்டிப்போன வீடியோ பரவியதும் இதற்கு திடீர் மவுசு ஏறியது.

பெயிண்ட் சொல்லும் சேதி

பழைய வண்டி தன் கதையை உடம்பிலேயே வைத்திருக்கும். வெளியே புது பெயிண்ட் பளபளக்கலாம். டேஷ்போர்டின் பின்பக்கம், சீட்டுக்கு அடியில், சேசின் உள்மூலையில் லேசாக சுரண்டினால் அடுக்கு அடுக்காக பழைய நிறம் வரும். அடியில் ராணுவ பச்சை இருந்தால் மிலிட்டரி வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பச்சை பெயிண்ட் மட்டும் சாட்சி ஆகாது. அது எந்த கடையிலும் கிடைக்கும்.

ராணுவத்தில் ஓடும் வண்டியின் நம்பர் பிளேட்டில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும். அதை அடுத்து வரும் 2 இலக்கம், ராணுவம் அந்த வண்டியை வாங்கிய ஆண்டை குறிக்கும். ஏலத்தில் எடுத்தவர் ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிந்த பிறகே சாதாரண நம்பர் கிடைக்கும். எனவே "மிலிட்டரி வண்டி" என்று சொன்னால், ஏலத்தில் எடுத்த காகிதம் எங்கே என்று கேட்க வேண்டும். மத்திய உருக்கு அமைச்சகத்தின் கீழ் உள்ள எம்.எஸ்.டி.சி. நிறுவனம் மூலம் இப்படிப்பட்ட ஏலங்கள் நடக்கின்றன. பொது ஏலத்தில் எடுத்த வண்டிக்கு பெயர் மாற்ற பாரம் 32 கொடுத்திருக்க வேண்டும்.

அரசு ஜீப்பாக இருந்தால் தமிழ்நாட்டில் நம்பரில் 'ஜி' எழுத்து இருக்கும். இதில் இன்னொரு விஷயமும் உண்டு. 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1-ந்தேதி முதல் பதிவை புதுப்பிக்க முடியாது. அவற்றை உடைக்கத்தான் அனுப்ப வேண்டும். ராணுவம், சட்டம்-ஒழுங்கு பணிக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. "இப்பதான் கவர்மெண்ட் ஏலத்துல எடுத்தது, ரோட்டுல ஓட்டலாம்" என்று யாராவது சொன்னால் உஷார்.

நம்பரை படிப்பது எப்படி?

1989 ஜூலை 1-ந்தேதி புது மோட்டார் வாகன சட்டம் அமலுக்கு வந்தது. டி.என்., கே.ஏ. என்று ஆரம்பிக்கும் நம்பர்கள் அதன் பிறகு வந்தவை. அதற்கு முந்தைய தமிழ்நாட்டு வண்டிகளுக்கு 'எம்' அல்லது 'டி' என்ற எழுத்தில் தொடங்கும் 3 எழுத்து நம்பர். கர்நாடகம் மைசூர் மாநிலமாக இருந்த காலத்து வண்டிகளில் எம்.ஒய். என்று இருக்கும். பின்னால் சி.ஏ. என்று தொடங்கும் நம்பர்களும் வந்தன.

நம் பகுதி வண்டிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஓசூர் ஒரு காலத்தில் சேலம் மாவட்டம். 1965 அக்டோபர் 2-ந்தேதி தர்மபுரி மாவட்டம் பிரிந்தது. 2004 பிப்ரவரி 9-ந்தேதி கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. இன்று தர்மபுரிக்கு டி.என்.29, கிருஷ்ணகிரிக்கு டி.என்.24, ஓசூருக்கு டி.என்.70. எனவே 1960-களில் பதிவான ஜீப்பின் மூல ஆவணம் ஓசூரில் இல்லை என்பதால் அது போலி என்று அவசரப்படவும் கூடாது, சேலத்தில் தேடாமல் விடவும் கூடாது.

சேஸ் நம்பர்தான் உயிர்

நம்பர் பிளேட்டை 100 ரூபாய்க்கு மாற்றலாம். பாடியை தகரம் தட்டி புதிதாக கட்டலாம். அரியானா மாநிலம் மண்டி தப்வாலியில் ராணுவ கழிவு பாகங்களையும் பழைய மகிந்திரா பாகங்களையும் சேர்த்து ஜீப் கட்டுவதே பெரிய தொழில். அதனால் பார்க்க வேண்டியது சேசில் குத்தியுள்ள நம்பர்தான். துருவை துடைத்து, பேப்பர் வைத்து பென்சில் பிரிண்ட் எடுத்து, ஆர்.சி.யில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்பார்க்க வேண்டும். அந்த இடத்தில் வெல்டிங் தழும்பு, கிரைண்டர் கோடு, எழுத்து கோணல் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

அடுத்து என்ஜின் நம்பர். பழைய பெட்ரோல் என்ஜினை கழற்றிவிட்டு டீசல் என்ஜின் மாட்டிய ஜீப்புகள் ஏராளம். ஆர்.சி.யில் பெட்ரோல், பானெட்டை திறந்தால் டீசல் என்றால் அது சட்டப்படி தப்பு. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பு கூறியுள்ளது.

எங்கே விசாரிப்பது?

* மத்திய அரசின் வாகன் இணையதளம், எம்-பரிவாகன் செயலியில் நம்பரை போட்டால் பதிவு தேதி, இதுவரை எத்தனை ஓனர், இன்சூரன்ஸ், கடன் பாக்கி விவரம் தெரியும். ஓனர் பெயர் பாதி மறைந்துதான் வரும்.

* மிகப் பழைய வண்டிகளின் விவரம் கம்ப்யூட்டரில் ஏறாமல் இருக்கலாம். அப்போது முதலில் பதிவான ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு, இப்போதைய ஓனரை அழைத்துக்கொண்டு போய் பதிவேட்டு நகல் கேட்க வேண்டும். கர்நாடகத்தில் இதை பி-ரிஜிஸ்டர் எக்ஸ்ட்ராக்ட் என்பார்கள்.

* திருட்டு வண்டியா என்று பார்க்க தேசிய குற்ற ஆவண காப்பகத்தின் இணையதளத்தில் வசதி உண்டு.

* கர்நாடக நம்பர் என்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் பாரம் 28-ல் தடையில்லா சான்று கட்டாயம் வாங்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் டி.என். நம்பர் வாங்கி வரியும் கட்ட வேண்டும். பெயர் மாற்ற பாரம் 29, 30. கடன் முடிந்ததற்கு பாரம் 35.

* இமாச்சல், அருணாசல் என்று தூரத்து மாநிலத்தில் பதிவாகி, சில மாதத்தில் இங்கே வந்த வெளிநாட்டு வண்டி என்றால், சுங்கவரி கட்டிய ரசீதை பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

செலவு எவ்வளவு?

20 ஆண்டு தாண்டிய கார், ஜீப் வகை வண்டியின் பதிவை புதுப்பிக்க கட்டணம் 2025 ஆகஸ்டில் ரூ.10 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. இறக்குமதி வண்டி என்றால் ரூ.80 ஆயிரம். விலை பேசும்போதே இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

50 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியை 'விண்டேஜ்' என்று பதியலாம் என 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. புதிய பதிவுக்கு ரூ.20 ஆயிரம், மறுபதிவுக்கு ரூ.5 ஆயிரம். 10 ஆண்டு செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். தினமும் வேலைக்கு ஓட்டவோ, வாடகைக்கு விடவோ முடியாது.

விற்றவருக்கும் ஆபத்து

வாங்குபவர் மட்டும் அல்ல, விற்பவரும் ஏமாறலாம். பெயர் மாற்றாமல், 20 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியை கொடுத்து விடுகிறார்கள். அந்த வண்டி 3, 4 கை மாறி எங்கேயோ ஒருவர் மீது மோதினால்? இப்படி பல கை மாறிய கார் மோதிய வழக்கில் 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், நஷ்டஈடு பொறுப்பும் அவருக்கே என்பது அந்த தீர்ப்பு.

அதனால் வண்டியை விற்றதும் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்கு தெரிவித்து விட வேண்டும். வேறு மாநிலத்துக்காரருக்கு விற்றால் 45 நாள் அவகாசம்.

கெலவரப்பள்ளி அணைக்கு நுரையோடு தண்ணீர் வருகிறது என்றால், அணையில் மட்டும் தேடினால் காரணம் கிடைக்காது. ஆறு வந்த வழியை திரும்பிப் பார்க்க வேண்டும். பழைய ஜீப்பும் அப்படித்தான். ஓட்டிப்பார்ப்பது 10 நிமிட வேலை. சேஸ் நம்பரை பிடித்துக்கொண்டு முதல் ஓனர் வரை போவதற்கு 10 நாள் ஆகலாம். அந்த 10 நாள் அலைச்சலை மிச்சப்படுத்தியவர்கள்தான், பிறகு ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.