மெஷின் மக்கர் பண்ணினால் நஷ்டம் யாருக்கு?

2008 ஜூலை 12, சனிக்கிழமை. லண்டனில் அன்று காலை வேலைக்குக் கிளம்பியவர்கள் வழக்கம்போல, பஸ், ரயில் கட்டணத்துக்கான ஆய்ஸ்டர் கார்டை ரீடரில் வைத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. சட்டையில் துடைத்து மறுபடி வைத்தார்கள். மறுபடியும் சிவப்பு. கார்டில் கோளாறா, ரீடரில் கோளாறா என்று யாருக்கும் புரியவில்லை. கோளாறு ரீடரில்தான். ஆனால் அந்த ரீடரைத் தொட்ட பாவத்துக்குக் கார்டும் கெட்டுப்போனது.

கட்டண முறையை ஒப்பந்தத்தில் நடத்திவந்த டிரான்சிஸ் என்ற கூட்டு நிறுவனத்திலிருந்து ரீடர்களுக்குப் போன தரவு அட்டவணையில் பிழை இருந்தது. அதை வாங்கிக்கொண்ட ரீடர்கள், தம்மைத் தொட்ட கார்டுகளைச் செல்லாததாக்கின. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்டுகளை மாற்றித்தர வேண்டிவந்தது. காலையில் ஒழுங்காக வேலைக்குப் போனவர்கள் மாட்டிக்கொண்டார்கள்; போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கி, மதியம் வெளியே வந்தவர்கள் தப்பித்தார்கள். 13 நாள் கழித்து, ஜூலை 25 அன்று, கிட்டத்தட்ட அதே கூத்து மீண்டும் நடந்தது. சுரங்க ரயில் நிலையங்களில் கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரையும் இலவசமாக உள்ளே விட்டார்கள். அடுத்த மாதமே, டிரான்சிஸின் ஒப்பந்தத்தை 2010-இல் முடித்துக்கொள்ளப் போவதாக லண்டன் போக்குவரத்துக் கழகம் அறிவித்தது.

இதில் பஸ் பயணிக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அந்த ஆண்டு லண்டன் பஸ்ஸில் ஆய்ஸ்டர் கார்டுக்கு 90 பென்ஸ். காசாகக் கொடுத்தால் 2 பவுண்டு. அதாவது, யாரோ செய்த தப்பால் கார்டு செத்துப்போன ஒருவர், பையில் இருக்கும் சில்லறையை நீட்டினால் இரண்டு மடங்குக்கும் மேலே அழ வேண்டும். கார்டுக்குப் பழக்குவதற்காகவே வேண்டுமென்று வைத்த விலை வித்தியாசம் அது. கார்டு வேலை செய்கிற வரை அது சலுகை. செய்யாத அன்று அதுவே தண்டனை.

பஸ் கட்டணத்தைக் கார்டுக்கு மாற்றிய ஊர்கள் எல்லாம் ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொண்டிருக்கின்றன. ரீடர் படுத்துவிட்டால் அந்த நஷ்டம் யார் தலையில் விழ வேண்டும்?

ரயில் நிலையத்து ரீடர் தரையில் ஆணியடித்தாற்போல நிற்கிறது. மின்சாரமும் நெட்வொர்க்கும் ஒயர் வழியே வந்துகொண்டே இருக்கும். பஸ் ரீடரின் பிழைப்பு வேறு. நாள் முழுக்கக் குலுக்கல், வெயில், தூசி, மழை நாளில் சொட்டுகிற குடைகள். எஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி மின்னழுத்தம் ஒரு கணம் சரியும், ரீடர் திணறும். அதன் கடிகாரம் தப்பாக ஓடினால், செல்லுபடியாகும் பாஸைக்கூடக் காலாவதி என்று தள்ளிவிடும். முடக்கப்பட்ட கார்டுகளின் பட்டியலையும் புதிய கட்டண விவரத்தையும் பல ஊர்களில் டெப்போவில் நிற்கும்போதுதான் வாங்கிக்கொள்ளும். அன்றைய வசூல் கணக்கையும் அங்கேதான் ஒப்படைக்கும்.

இத்தனைக்கும் நடுவில், ஒரு கார்டைப் பார்த்து, இருப்பைப் படித்து, கழித்து, புதிய தொகையை எழுதி முடிக்க அதற்குக் கிடைப்பது அரை நொடிக்கும் குறைவு. வங்கிகளின் தொடுஅட்டைகளைச் சேர்த்துக்கொண்டபோதும் லண்டன் போக்குவரத்துக் கழகம் வைத்த நிபந்தனை அதுதான்: 500 மில்லி நொடிக்குள் முடிய வேண்டும். அவசரத்தில் கார்டை வெடுக்கென்று இழுத்தால் எழுதுவது பாதியில் நிற்கும். அப்படி நின்றாலும் பழைய தொகை அழியாமல் இருக்கும்படி சிப்பிலேயே ஒரு காப்பு ஏற்பாடு வைக்கிறார்கள். ஒரே பர்ஸில் இரண்டு கார்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் எதைப் படிப்பது என்று ரீடர் விழிக்கும். சில சமயம் நாம் நினைக்காத கார்டில் கைவைத்துவிடும்.

2014 ஜூலை 6 அன்று லண்டன் பஸ்களில் காசு வாங்குவது அடியோடு நின்றது. காசு கொடுத்துப் போகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, அவர்களுக்காக ஆண்டுக்கு 2.4 கோடி பவுண்டு செலவாகிறது என்று கணக்குக் காட்டினார்கள். கணக்கு சரிதான். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கார்டில் காசில்லாமல் நிற்கிற ஒரு பெண்ணை டிரைவர் இறக்கிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி உடனே எழுந்தது. அதற்கு இரண்டு வழி செய்தார்கள். இருப்பு கட்டணத்துக்குப் போதாவிட்டாலும் இன்னும் ஒரு பயணம் அனுமதிக்கப்படும். கார்டு மைனஸுக்குப் போகும், அடுத்த ரீசார்ஜில் அது கழியும். அத்துடன், ஆதரவற்ற நிலையில் இருப்பவரை நடுவழியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று டிரைவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். ரீடரே வேலை செய்யாத பஸ்ஸில் டிரைவர் கையசைத்து உள்ளே அனுப்பிவிடுவார். 2016 ஜனவரி 2 அன்று, கட்டணம் உயர்ந்த அதே நாள் காலையில், ஊர் முழுக்க ஆய்ஸ்டர் ரீடர்கள் படுத்தன. உயர்ந்த கட்டணத்தை வசூலிக்க வேண்டிய முதல் காலையே ஓசிப் பயணமாகப் போனது. நிர்வாகத்துக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது நிர்வாகத்தின் எரிச்சலாக இருந்ததுதான் முக்கியம்.

மைனஸ் இருப்பு என்ற யோசனை லண்டனின் கண்டுபிடிப்பு அல்ல. ஹாங்காங்கின் ஆக்டோபஸ் கார்டு 1997-இல் வந்தது. கடைசிப் பயணத்துக்கு இருப்பு போதாவிட்டாலும் 35 ஹாங்காங் டாலர் வரை கடன் தரும். ஏமாளித்தனம் ஒன்றுமில்லை. கார்டுக்குப் பயணி ஏற்கெனவே 50 டாலர் முன்பணம் கட்டியிருப்பார். 2017 அக்டோபர் முதல் கொடுத்த கார்டுகளில் அந்தக் கடன் வரம்பே 50 ஆகிவிட்டது.

லண்டன் பஸ்ஸுக்கு ஒரு வசதி இருக்கிறது: எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். ஏறும்போது ஒரு தடவை தொட்டால் போதும். தூரத்துக்கு ஏற்ற கட்டணம் வாங்குகிற ஊரில் இறங்கும்போதும் தொட வேண்டும். அங்கே ரீடர் சொதப்பினால் கதை தலைகீழ். சிங்கப்பூரில் இறங்கும்போது தொடாமல் போனால், பஸ் கடைசி நிறுத்தம் வரை போன கணக்கில் கட்டணம் பிடிபடும். மூன்றாவது ஸ்டாப்பில் இறங்கியவரும் முப்பதாவது ஸ்டாப் வரை போனவராகிவிடுவார். நெதர்லாந்தில் பஸ் ஏறும்போதே 4 யூரோவைப் பிடித்து வைத்துக்கொண்டு, இறங்கித் தொட்ட பிறகு மீதியைத் திருப்பித் தரும் முறை வந்தது. தொடாமல் விட்டவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கென்றே அங்கே தனி இணையதளம் வைக்க வேண்டியிருந்தது. தொட்டேன், ரீடர்தான் எடுக்கவில்லை என்று நிரூபிக்கிற வேலை பயணியுடையது. ஏறுகிற இடத்தில் பச்சை விளக்கு எரியாவிட்டால் டிரைவர் பார்க்கிறார். கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வாசலில் இறங்கும்போது யார் பார்ப்பது?

சிங்கப்பூரில் பயணிகளின் கோபம் வேறு ரூபத்தில் வெடித்தது. பழைய ஈஸி-லிங்க் கார்டில் பணம் கார்டுக்குள்ளேயே இருக்கும். இறங்கும்போது தொட்டால், இந்தப் பயணத்துக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று ரீடர் திரையிலேயே தெரியும். சிம்ப்ளிகோ என்ற புதிய முறையில் பணம் சர்வரில் இருக்கிறது. கணக்குப் போடுவதும் சர்வர்தான். ரீடருக்குக் கட்டணம் தெரியாது, அதனால் காட்டவும் முடியாது. போனில் செயலியைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 ஜனவரி 9 அன்று, ஜூன் முதல் தேதியிலிருந்து பெரியவர்களுக்கான பழைய கார்டுகள் செல்லாது என்று நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. மாற்றிக்கொள்ளப் போன இடங்களில் மெஷின்கள் திணறின. மாற்ற முயன்ற சில கார்டுகள் முடங்கின. தப்பாகப் பிடித்தால் அந்த இடத்திலேயே தெரிய வேண்டும் என்று ஜனங்கள் கேட்டார்கள். இரண்டே வாரத்தில், ஜனவரி 22 அன்று, போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட் முடிவைத் திரும்பப் பெற்றார். பழைய முறை குறைந்தது 2030 வரை தொடரும். அதற்குக் கூடுதல் செலவு 4 கோடி சிங்கப்பூர் வெள்ளி. திரையில் இரண்டு எண் தெரிவதற்கு இது பெரிய விலைதான். ஆனால் அந்த எண்கள்தான் பயணியின் கையில் இருந்த ஒரே சாட்சி.

சர்வரில் கணக்கு இருப்பதன் இன்னொரு முகத்தை 2024 செப்டம்பரில் லண்டன் பார்த்தது. போக்குவரத்துக் கழகத்தின் கணினிகள் மீது சைபர் தாக்குதல். பஸ்கள் ஓடின, ரீடர்கள் பீப் அடித்தன, வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒழுங்கு. ஆனால் வங்கி அட்டையைத் தொட்டுப் போனவர்கள் தங்கள் பயண விவரத்தைப் பார்க்க முடியவில்லை. தப்பாகப் பிடித்த பணத்தைத் திருப்பித் தர முடியாமல் கழகமும் கையைப் பிசைந்தது. பிள்ளைகளுக்கான சலுகைக் கார்டுக்கு விண்ணப்பிப்பதே நின்றுபோனது. செலவுக்கு ஆதாரம் எடுத்து வையுங்கள், பிறகு பார்க்கலாம் என்று பெற்றோருக்குச் சொன்னார்கள். இதில் கசப்பான விஷயம் ஒன்று: சுமார் 5,000 பேரின் வங்கிக் கணக்கு விவரங்கள் கசிந்திருக்கலாம் என்று கழகமே ஒப்புக்கொண்டது. ஆய்ஸ்டர் பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் தந்த விவரங்கள் அவை.

சென்னைக்கு இந்தச் சங்கதி இப்போதுதான் வருகிறது. மெட்ரோ ரயிலுக்காக 2023 ஏப்ரலில் தொடங்கிய சிங்காரச் சென்னை கார்டு, 2025 ஜனவரி 6 முதல் மாநகரப் பேருந்துகளிலும் செல்கிறது. இங்கே ரீடர் என்பது கண்டக்டர் கையில் இருக்கும் டிக்கெட் மெஷின்தான். அதுதான் சென்னையின் பலம். "மெஷின் எடுக்கல சார், சில்லறை இருந்தா குடுங்க" என்று சொல்ல ஒரு மனிதர் பஸ்ஸில் இருக்கிறார். ஆனால் சில்லறை இல்லை என்றால் என்ன செய்வது என்பது அந்தந்த கண்டக்டரின் மனசைப் பொறுத்து நடக்கக் கூடாது. டிக்கெட் இல்லாமல் செக்கரிடம் மாட்டுவது பயணி. வசூல் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கண்டக்டர். மெஷினைக் கேள்வி கேட்க ஆளில்லை.

இந்தக் கார்டு, நாடு முழுக்கச் செல்லும் பொதுப் போக்குவரத்து அட்டை வகையைச் சேர்ந்தது. பயணத்துக்கான பணம் சிப்பிலேயே இருப்பதால் நெட்வொர்க் இல்லாத இடத்திலும் ஓடும். யுபிஐ சுற்றிக்கொண்டே நிற்கும்போது இது டிக்கெட் கொடுத்துவிடும். ஆனால் போனில் ரீசார்ஜ் செய்த பணம் தானாகக் கார்டுக்குள் குதித்துவிடாது. அதற்கான மெஷினில் ஒரு முறை கார்டை வைத்து ஏற்றினால்தான் சிப்பில் பதியும். காலையில் வீட்டில் உட்கார்ந்து 200 ரூபாய் போட்டவரிடம், பத்து நிமிஷம் கழித்து பஸ்ஸில் மெஷின் பேலன்ஸ் இல்லை என்று சொல்லும். போனைக் காட்டி அவர் வாதாடுவார். கண்டக்டருக்கு மெஷின் சொல்வதுதான் கணக்கு. கார்டு விற்கிற கவுன்ட்டரிலேயே இதை நாலு வரியில் எழுதி ஒட்டிவைத்தால், தினமும் நடக்கிற சண்டையில் பாதி குறையும். மீதிப் பாதிக்கு, மெஷின் எடுக்காத பஸ்ஸில் கார்டு வைத்திருப்பவரை என்ன செய்வது என்று கண்டக்டருக்கு ஒரு எழுத்துபூர்வமான உத்தரவு வேண்டும்.