டோர்ணக்கல் வரை தொடர்ந்த ஜெபம்

ஊரில் இருக்கும் வரை ஞாயிறு தவறாமல் கோவில், இரவு தவறாமல் குடும்ப ஜெபம். மும்பைக்கு ரயிலேறி வந்த ஆறு மாதத்தில் வேதப்புத்தகம் பெட்டியின் அடிக்குப் போய்விடுகிறது. நம் வாலிபர்கள் பலருடைய கதை இதுதான்.

ஷிப்ட் வேலை, ஒரே அறையில் ஆறு பேர், ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி என்று காரணங்கள் உண்டு. ஆனால் அவை மட்டும்தான் காரணமா? சிறு வயதில் பெற்ற விசுவாசம் ஊர் மாறினால் நிற்குமா, நிற்காதா?

நிற்கும் என்று வாழ்ந்து காட்டிய தமிழர் ஒருவர் உண்டு. அவர்தான் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

தாயின் பிரார்த்தனை

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் 1874-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி அசரியா பிறந்தார். தகப்பனார் கிராமத்துக் குருவானவர். நெடுநாள் பிள்ளை வரம் கேட்டு ஜெபித்த தாய், வேதத்தில் வரும் அன்னாளைப் போலத் தன் மகனுக்கும் சாமுவேல் என்று பெயரிட்டார்.

1889-ல் தகப்பனார் காலமானார். மகன் அப்போது பள்ளிக்கூடப் பையன். படித்தது மெஞ்ஞானபுரம் போர்டிங் பள்ளியில். வீட்டில் தொடங்கிய ஜெபப் பழக்கத்தை அவர் விடுதியிலும் விடவில்லை.

பட்டம் பெறாதவர்

பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். இறுதித் தேர்வு சமயத்தில் உடல்நலம் கெட்டது. பட்டம் இல்லாமலே கல்லூரியை விட்டு வெளியே வந்தார். பட்டம் போனதே என்று அவர் மூலையில் உட்காரவில்லை. 1895-ல் ஒய்.எம்.சி.ஏ. ஊழியத்தில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய் வாலிபர்களைச் சந்தித்தார். (அதே மனிதருக்கு 1920-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது!)

1898-ல் அன்பு மாரியம்மாளைத் திருமணம் செய்தார். வரதட்சணை வாங்கவில்லை. கோவிலில் பாடுவது எளிது. கலியாணப் பேச்சில் விசுவாசத்தைக் காட்டுவது கடினம். இந்த இடத்தில் இன்றும் வழுக்கி விழுகிறவர்கள் எத்தனை பேர்!

போகச் சொன்னவரே போனார்

1902-ல் யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து ஊழியம் நடத்துவதைக் கண்டார். அது அவர் மனதைத் தொட்டது. மறு வருடமே, 1903-ல், திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆட்களும் நம்மவர், பணமும் நம்முடையது, நிர்வாகமும் நம்முடையது என்பது அதன் கொள்கை.

அந்தச் சங்கம் தேர்ந்தெடுத்த இடம் நிஜாம் ராஜ்யத்தில் இருந்த டோர்ணக்கல். செகந்திராபாத்திலிருந்து விஜயவாடா போகும் பாதையில் பத்ராசலம் ரோடு கிளை பிரிகிற ஜங்ஷன் அது. நம்மில் பலர் தூக்கத்திலேயே கடந்து போயிருப்போம்.

மற்ற வாலிபர்களைப் போங்கள் என்று சொல்லிவிட்டு, தான் மட்டும் போகாமல் இருப்பது சரியா? இந்தக் கேள்வி அசரியாவின் மனதை அரித்தது. 1909-ல் குருப்பட்டம் பெற்று, அவரே டோர்ணக்கலுக்குப் புறப்பட்டார். தெலுங்கு கற்றுக்கொண்டார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்களின் குடிசைகளுக்குப் போய் அவர்களோடு பழகினார்.

1912 டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அத்தியட்சராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. பதவி உயர்ந்தும் இடம் மாறவில்லை. 1945 ஜனவரி 1-ந் தேதி டோர்ணக்கலிலேயே கண்ணை மூடினார். அவர் கட்டிய பேராலயம் 1939-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. தென்னாட்டுக் கோவில் மண்டபச் சாயலும் மசூதிச் சாயலும் கலந்த அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

நமக்கு என்ன?

நாம் எல்லோரும் அத்தியட்சர் ஆகப்போவதில்லை. ஆனால் அசரியாவின் வாழ்க்கையில் நாமும் பின்பற்றக்கூடிய செய்தி ஒன்று இருக்கிறது. ஊரார் பார்க்கிறார்கள் என்பதற்காக வரும் பக்தி ஊர் எல்லையோடு நின்றுவிடும். தனக்கும் கடவுளுக்கும் நடுவே பழகிய பக்தி ரயிலேறிக் கூடவே வரும்.

அதற்குப் பெரிய சபதம் எதுவும் வேண்டாம். அறையில் மற்றவர்கள் எழுந்திருப்பதற்கு முன் கால் மணி நேரம் ஒதுக்கலாம். ஞாயிறு காலை டூட்டி என்றால், மாலை ஆராதனை நடக்கும் கோவிலை விசாரித்துப் போகலாம். ஊரிலிருந்து புதிதாக வரும் பையனை முதல் ஞாயிற்றுக்கிழமையே கையோடு அழைத்துப் போகலாம். பிறரை அழைத்துப் போகிறவனுக்குத் தன் வழி மறப்பதில்லை.

பிள்ளைகளை வெளியூர் அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பெட்டியில் வேதப்புத்தகத்தை வைத்து அனுப்பினால் போதாது. போனில் பேசும்போது, "சம்பளம் வந்ததா?" என்று கேட்கிற மூச்சிலேயே, "ஜெபம் பண்ணினாயா, தம்பி?" என்றும் கேளுங்கள்.