இரண்டாயிரம் டாலர் ஹெட்டும் பக்கத்துப் பட்டறையும்

என் தங்கை மகன் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறான். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர், மீதி இரண்டு நாள் கராஜ். 1978-ம் வருஷத்து செவர்லே பிக்கப் ஒன்றை வாங்கி அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். போன வருஷம் ஒரு ராத்திரி வீடியோ கால் வந்தது. முகம் தெரியவில்லை, எஞ்சின்தான் தெரிந்தது.

"மாமா, ஹெட்டு போயிருச்சுங்க. சிஎன்சி-ல வெட்டுன அலுமினிய ஹெட்டு, ஜோடி 2,000 டாலருக்கு வருதுங்க. இங்க பக்கத்துல ஒரு பெரியவர் பட்டறை வெச்சிருக்காரு. பழைய ஹெட்டையே போர்ட்டிங் பண்ணித் தரேங்கறாரு. எதுக்குங்க மாமா போகட்டும்?"

"ரெண்டும் இருக்கட்டும் கண்ணு. மொதல்ல வால்வைக் கழட்டிட்டு சீட்டைக் காட்டு."

கோவையில் முப்பது வருஷம் வால்வு வந்து உட்காரும் சீட்டை வெட்டியவன் நான். சிலிண்டர்களுக்கு மூடியாக உட்காரும் ஹெட் என்றாலே என் கண் அங்கேதான் போகும். போர்ட்டின் பளபளப்பெல்லாம் அதற்கு அப்புறம்.

அவன் வண்டியில் இருப்பது செவர்லேயின் ஸ்மால் பிளாக் வி-8. 1955-ல் 265 கன அங்குலத்தில் பிறந்தது. 1967-ல் 350 ஆக வளர்ந்தது. 2011-ல் பத்துக் கோடியாவது ஸ்மால் பிளாக்கை செவர்லேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டாடியது. பத்துக் கோடி எஞ்சின் ஓடிய ஊரில் அதற்கு ஹெட் செய்து விற்கிற கம்பெனிகள் பெருகாமல் இருக்குமா? மருமகனின் கேள்விக்கு அந்த நாட்டில் அர்த்தம் உண்டு என்பது அதனால்தான். பெட்டியைப் பிரித்து மாட்ட ஹெட் கிடைக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்தால் செதுக்கித் தரவும் ஆள் இருக்கிறார்.

வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். கார்புரேட்டரில் கலந்த பெட்ரோலும் காற்றும் மானிஃபோல்டைத் தாண்டி ஹெட்டுக்குள் இருக்கும் ஒரு குகை வழியாக வால்வுக்கு வந்து சேரும். அந்தக் குகைதான் போர்ட். வார்ப்பில் வந்த போர்ட்டில் மேடு பள்ளம் இருக்கும், சீட்டுக்குக் கீழே படி இருக்கும். அதையெல்லாம் கிரைண்டர் வைத்துச் சரி செய்து காற்றுக்கு வழி விடுவது போர்ட்டிங். பெரிதாகக் குடைந்தால் காற்று நிறையப் போகும் என்று நினைப்பவர்கள்தான் ஹெட்டைக் கெடுப்பவர்கள். போர்ட் அகலமானால் காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் கீழ் ஆர்பிஎம்-மில் இழுவை போய்விடும்.

வால்வை நோக்கிப் போர்ட் திரும்பும் இடத்தில் உள்பக்கத்துக் குட்டை வளைவு ஒன்று இருக்கிறது. போர்ட்டிங்கில் ஆளைத் தெரிந்துகொள்ளும் இடம் அது. காற்று அங்கே சுவரை ஒட்டித் திரும்ப வேண்டும். வளைவைக் கூராக வெட்டிவிட்டால் காற்று சுவரை விட்டு விலகிச் சுழல ஆரம்பித்துவிடும். கண்ணால் பார்த்தால் வழி பெரிதாகியிருக்கும், அளந்து பார்த்தால் ஓட்டம் குறைந்திருக்கும். இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனால் கிரைண்டர் தண்ணீர் ஜாக்கெட்டில் போய் நிற்கும். அதோடு அந்த ஹெட்டின் கதை முடிந்தது. இந்த வளைவுக்கு நல்ல ஆட்கள் கண்ணை நம்புவதில்லை. சுட்டுவிரலை உள்ளே விட்டுத் தடவுவார்கள்.

அப்படியானால் கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி மெஷினுக்கு விரல் ஏது? அதற்கு வேறொருவர் விரல். ஒரு நல்ல கைக்காரர் ஒரு போர்ட்டைச் செதுக்குவார். ஃப்ளோ பெஞ்சில் வைத்துக் காற்று விட்டு அளப்பார். களிமண்ணை ஒட்டிப் பார்ப்பார், திரும்பச் செதுக்குவார், திரும்ப அளப்பார். இப்படிப் பல நாள் போராடி ஒரு வடிவம் தேறியதும், அந்தப் போர்ட்டைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். பிறகு ஐந்து அச்சு மெஷின் அதே வடிவத்தை எத்தனை ஹெட்டில் வேண்டுமானாலும் வெட்டித் தள்ளும். விலையில் பெரும்பங்கு அந்தப் பல நாள் சோதனைக்கும், ஒன்று போலவே மற்றொன்று இருப்பதற்கும் போகிறது. இந்த வி-8-க்கு எட்டு இன்லெட், எட்டு எக்ஸாஸ்ட், ஆக 16 போர்ட். முதல் போர்ட்டில் இருந்த பொறுமை பதினாறாவதில் எல்லாக் கைக்கும் இருப்பதில்லை. மெஷினுக்குக் கை வலிக்காது.

மெஷினுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. வார்க்கும்போது உள்ளே வைக்கிற மணல் கோர் ஒரு நூல் நகர்ந்திருந்தால் போர்ட்டும் நகர்ந்திருக்கும். புரோகிராம் அதைக் கண்டுகொள்ளாமல் தன் பாதையிலேயே வெட்டும். ஒரு பக்கம் சுவர் தடிமனாகவும் மறுபக்கம் மெலிந்தும் நிற்கும். கைக்காரர் அதைப் பார்த்ததும் கிரைண்டரை விலக்கிவிடுவார்.

காற்றை அளந்து ஹெட் செய்கிற இந்த வித்தை நேற்று வந்ததல்ல. இங்கிலாந்தில் ரை என்ற ஊரில் பட்டறை வைத்திருந்த ஹாரி வெஸ்லேக், போர்ட்டில் காற்று ஓடுவதை அளந்து அளந்தே பெயர் வாங்கியவர். ஜாகுவாரின் புகழ்பெற்ற எக்ஸ்கே எஞ்சின் ஹெட்டில் அவர் கை உண்டு. 1967-ல் பெல்ஜியம் கிராண்ட் பிரீயில் டான் கர்னி ஜெயித்த ஈகிள் காரிலும் வெஸ்லேக் எஞ்சின்தான். சிஎன்சி இல்லாத காலத்தில் இத்தனையும் நடந்திருக்கிறது.

மருமகனிடம் கணக்குக்கு வந்தேன். பட்டறைப் பெரியவர் கொடுத்த எஸ்டிமேட்டை வாசித்தான். ஹெட்டைக் கழுவி விரிசல் பார்க்க இவ்வளவு, புதுக் கைடு, புது வால்வு, சீட் வெட்ட, முகம் இழைக்க, ஸ்பிரிங், அடித்து ஏற்றிய பழைய ஸ்டட்டுக்குப் பதில் திருகு ஸ்டட். எல்லாம் கூட்டினால் 1,300 டாலர். அதில் போர்ட்டிங் கூலி 500 மட்டும்தான்.

பலரும் ஏமாறுவது இந்த இடத்தில். போர்ட்டிங் கூலியை மட்டும் புது ஹெட்டின் விலையோடு ஒப்பிட்டு, "அடேயப்பா, நாலில் ஒரு பங்கு" என்று பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். ஐம்பது வருஷ ஹெட்டுக்குப் போர்ட்டிங் மட்டும் போதவே போதாது. வால்வுத் தண்டைப் பிடிக்கும் கைடு ஆடிக்கொண்டிருந்தால் வால்வு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் உட்காரும். அதன் மேல் எவ்வளவு அழகாகச் செதுக்கி என்ன? பழைய ஹெட்டை நேராக்கும் செலவையும் சேர்த்தால்தான் அது உண்மையான ஒப்பீடு.

புது ஹெட் பக்கமும் மறைந்த செலவு இருக்கிறது. கேஸ்கெட் வேண்டும், ஸ்பார்க் பிளக் நீளம் மாறும். புஷ்ராடை வழிநடத்தும் கைடு பிளேட் போட்டால் கடினமாக்கிய புஷ்ராடும் வாங்க வேண்டும். விற்கிறவர் இதைச் சொல்வதில்லை.

அவன் காட்டிய ஹெட்டில் 882 என்ற வார்ப்பு எண்ணைப் பார்த்ததுமே எனக்கு மனம் விட்டுப்போனது. எழுபதுகளில் வந்த அந்த ஹெட் விரிசலுக்குப் பேர்போனது. "போர்ட்டிங் பேச்சே வேண்டாம் கண்ணு, விரிசல் பாக்கச் சொல்லு" என்றேன். இரண்டு நாளில் பதில் வந்தது. காந்தம் வைத்து இரும்புத் தூள் தூவினால் விரிசலில் போய்த் தூள் ஒட்டும். எக்ஸாஸ்ட் சீட் ஓரத்திலிருந்து மயிரிழை மாதிரி ஒரு கோடு. 500 டாலர் கூலியை வாங்கிக்கொண்டு பேசாமல் செதுக்கிக் கொடுத்திருக்கலாம் அந்தப் பெரியவர். "இதில் நான் கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

அப்போ 2,000 டாலர்தானா? அவசரப்படாதே என்றேன்.

கடை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது காற்றின் அளவு. 28 அங்குலத் தண்ணீர் அழுத்தத்தில் நிமிஷத்துக்கு இத்தனை கன அடி என்று. பழைய ஹெட் 200-ஐத் தொட்டாலே பெரிது. சிஎன்சி ஹெட் 280 வரை போகும். எஞ்சின்காரர்கள் கையில் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு கன அடிக்கு 0.257 குதிரை சக்தி, அதைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கு. அந்த ஹெட் தாங்கக்கூடிய உச்சம் அது. 200-ஐ வைத்துப் போட்டாலே எட்டு சிலிண்டருக்கு 411 வருகிறது. ஆனால் அவன் பிக்கப் எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே 160 சொச்சம்தான். இடையில் இருக்கிற மீதி சக்தி எங்கே போயிற்று? கேம் ஷாஃப்ட் சாது, கம்ப்ரஷன் குறைவு, எக்ஸாஸ்ட் குழாய் குறுகல். இவற்றையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு 280 கன அடி ஹெட்டை மட்டும் மாட்டினால், நாலு பேர் சாப்பிடும் வீட்டுக்குக் கல்யாண அண்டா வாங்கிய மாதிரி.

அதோடு அந்த 280 என்பது வால்வு முழுசாகத் திறந்தபோது வரும் எண். வால்வு ஒரு முறை திறந்து மூடும்போது அந்த உச்சத்தை ஒரே தடவைதான் தொடுகிறது, பாதி உயரத்தை ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு தடவை கடக்கிறது. அந்தப் பாதி உயரத்து ஓட்டத்தைத் தீர்மானிப்பது போர்ட்டின் பெரிய குகை அல்ல. சீட்டின் கோணமும், சீட்டுக்குக் கீழே அரை அங்குலத்துக்குள் இருக்கிற கிண்ணமும்தான். 30, 45, 60 என்று மூன்று கோணத்தில் ஒழுங்காகச் சீட் வெட்டி, கிண்ணத்தின் படியை மட்டும் இழைத்துவிட்டாலே கிடைக்க வேண்டியதில் பெரும்பகுதி வந்துவிடும். நல்ல பட்டறைக்கு அது ஒரு நாள் வேலை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். புது ஹெட் போட்டதும் வண்டி பறக்கிறது என்பார்கள். பறப்பது பொய்யில்லை. ஆனால் பழைய ஹெட்டின் எரியறை 76 சிசி, புதியதில் பெரும்பாலும் 64. 350 எஞ்சினில் கம்ப்ரஷன் 8.2 இருந்தது என்று வைத்துக்கொண்டால், அந்த 12 சிசி குறைந்ததிலேயே அது 9.2-க்கு ஏறிவிடும். அந்தப் பறத்தலில் ஒரு பங்கு எரியறை சுருங்கியதால் வந்தது. புகழ் மட்டும் போர்ட்டுக்குப் போகிறது.

விலை கூடினால் குறை இருக்காது என்ற நம்பிக்கைக்கு எல்எஸ்7 நல்ல மருந்து. 2006 கார்வெட் இசட்06-ல் வந்த ஏழு லிட்டர் எஞ்சின், 505 குதிரை சக்தி, டைட்டானியம் இன்லெட் வால்வு. ஹெட் கம்பெனியிலேயே சிஎன்சி-யில் போர்ட் வெட்டப்பட்டது. போர்ட்டில் ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆனால் பல வண்டிகளில் வால்வு கைடு சீக்கிரம் தேய்ந்தது, சிலவற்றில் வால்வே உடைந்து எஞ்சின் போயிற்று. சப்ளையரிடம் மெஷினிங் பிசகி, சில ஹெட்டுகளில் கைடின் மையமும் சீட்டின் மையமும் ஒன்றாக இல்லை என்று ஜெனரல் மோட்டார்ஸே பிறகு விளக்கம் சொன்னது. செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது வருஷம் நான் டயல் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சரி செய்த அதே இடம். கைடுக்கும் சீட்டுக்கும் மையம் ஒன்று, அது தப்பினால் மேலே எத்தனை லட்சம் கொட்டினாலும் வீண்.

நம் ஊரில் கடை ஹெட்டா, கை வேலையா என்ற கேள்விக்கே இடம் இருந்ததில்லை. அம்பாசிடரில் நெடுங்காலம் ஓடிய 1,489 சிசி எஞ்சினில் நாலு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் போர்ட், மூன்றே எக்ஸாஸ்ட் போர்ட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் ஒரே வாயில் மூச்சு விடும். சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில் அதற்கு மெஷினில் வெட்டிய ஹெட்டை விற்க யார் இருந்தார்கள்? கிரைண்டரும் கையும்தான். இன்றைக்கும் கடையில் ஹெட் கிடைக்காத எஞ்சினுக்குக் கைதான் வழி, அதில் வாதமே இல்லை. கடையில் கிடைக்கிற எஞ்சினுக்கு, பந்தயத்துக்கு ஓடப்போகிற வண்டிக்கு, கேமும் கம்ப்ரஷனும் சேர்த்து மாற்றுகிறவனுக்கு, 2,000 டாலர் ஹெட் நியாயமான விலை என்பேன். அந்த வடிவத்தைத் தேடி அவன் தன் பட்டறையில் உட்கார்ந்தால் அதைப் போல் பல மடங்கு செலவாகும். வந்த பெட்டியை அப்படியே மாட்டாமல் கைடையும் சீட்டையும் ஒரு தடவை அளக்கச் சொல்வேன், அவ்வளவுதான்.

மருமகன் வண்டி விறகும் பலகையும் ஏற்றுகிற வண்டி. 2,500 ஆர்பிஎம்-மில் இழுத்தால் போதும். "1996-ல இருந்து கொஞ்ச வருஷம் வந்த பிக்கப்ல வோர்ட்டெக் ஹெட்டு இருக்கும் கண்ணு. இரும்புதான், எரியறை 64 சிசி, கம்பெனி வார்ப்புலயே காத்து நல்லாப் போகும். பழைய இரும்புக் கடையில ஜோடி தேடு. வாங்கறதுக்கு முன்னாடி பெரியவர்கிட்டக் காட்டி விரிசல் பாத்துக்கோ. போர்ட்டைத் தொட வேண்டாம், சீட்டும் கிண்ணமும் மட்டும் பண்ணித் தரச் சொல்லு" என்றேன். அந்த ஹெட்டுக்கு மானிஃபோல்டு வேறு வாங்க வேண்டும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

முதலில் கிடைத்த ஜோடியில் ஒன்றைப் பெரியவர் விரிசல் என்று தள்ளிவிட்டார். அடுத்தது தேற மூன்று வாரம் ஆனது. வேலை முடிந்த அன்று எனக்கு போன் வந்தது. சீட் வெட்டுவதற்கு முன்பு அவனைக் கூப்பிட்டு, விரலை உள்ளே விடச் சொல்லியிருக்கிறார் அந்த மனிதர். சீட்டுக்குக் கீழே படி நகத்தில் தட்டியிருக்கிறது. பதினாறையும் முடித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாக விரலை விடச் சொல்லியிருக்கிறார்.

"பதினாறுலயும் விட்டுப் பாத்தேனுங்க மாமா," என்றான். "எதுலயும் நகத்துக்குத் தட்டலீங்க."