வானத்தில் நாற்பது நிமிடம்

வேலூருக்கு விமானம் வேண்டும் என்கிறார்கள். வேண்டாம் என்று நாம் சொல்வோமா? சொல்லமாட்டோம். 1856 ஜூலை 1 அன்று, தென்னாட்டின் முதல் புகைவண்டி ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடம், இன்று வாலாஜா ரோடு எனப்படும் நமது நிலையந்தான். புகைவண்டியை வரவேற்ற மண், விமானத்தையா விரட்டும்?

ஆனால் தோழர்களே, வரவேற்பு வேறு, கணக்கு வேறு. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்தில் ஒரு விமான நிலையம். சேலத்தை அடுத்த காமலாபுரத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் இடையே, பறவை பறக்கும் வழியில், சுமார் 165 கிலோமீட்டர். சிறிய விமானம் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால், ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்து, நாற்பது நிமிடம் போதும். அடடா, நாற்பதே நிமிடம்!

பறப்பவர் யார்? ஆம்பூர்த் தோழர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சேலம் இருப்பது தெற்கே. அவரோ விமானம் ஏற, கிழக்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். முன்னே போகவேண்டியவர் பின்னே போகிறார்! அதற்கு ஒரு மணி. சோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒரு மணி. வானத்தில் நாற்பது நிமிடம். இறங்கி வெளியே வர இருபது நிமிடம். காமலாபுரத்திலிருந்து சேலம் நகருக்குள் நுழைய நாற்பது நிமிடம். கூட்டுங்கள்: மூன்று மணி நாற்பது நிமிடம்!

ஜோலார்பேட்டை வழியாக ரயிலில் போனால்? சுமார் 150 கிலோமீட்டர். ஏறக்குறைய இரண்டரை மணி. வானத்தில் பறந்தவர் வருமுன், தரையில் போனவர் சேலத்தில் காப்பி குடித்து முடித்திருப்பார்!

சேலத்துக்கே நடந்ததையும் மறக்கவேண்டாம். உடான் திட்டத்தின்படி 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் வந்தது. 2021இல் நின்றது. 2023 அக்டோபரில்தான் விமானம் மீண்டும் வந்தது. மானியம் கொடுத்தால் விமானம் வரும். பயணி வந்தால்தான் நிலைக்கும்.

அப்படியானால் விமானம் வீணா? இல்லை. வங்கத்திலிருந்து நோயாளியைத் தூக்கிக்கொண்டு, ஒரு நாளுக்கு மேல் ரயிலில் வாடி, காட்பாடியில் இறங்குகிறார்களே, அவர்களைக் கேளுங்கள். அந்தத் தூரத்துக்கு விமானம் வரப்பிரசாதம். ஆனால் அதற்கு நீண்ட ஓடுதளம் வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான ஓடுதளத்தில் பெரிய விமானம் இறங்குமா? நெடுந்தூரத்துக்கு விமானம், குறுந்தூரத்துக்கு ரயிலும் பேருந்தும். இதுதான் நியாயமான திட்டம்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதை யாரும் போடுவதில்லை. விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பேருந்தில் நின்றபடியே ஆம்பூர் காலணி ஆலைக்கு வருகிறாள் நம் சகோதரி. போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்றால், 26 நாளில் 39 மணி நேரம்! அதற்குக் கூலி உண்டா? இல்லை. கூடுதல் பேருந்து விட்டு நாளொன்றுக்கு அரைமணி மிச்சப்படுத்தினால், மாதத்துக்கு 13 மணி நேரம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். பிள்ளையோடு பேச, சற்றே படுக்க!

உலகத்தார் காலுக்குச் செருப்புத் தைப்பவளின் கால் கடுக்கிறது. விமானம் வரட்டும், வாழ்த்துவோம். அதற்குமுன் அவளுக்கு உட்கார ஓர் இடம் வரட்டும். நேரத்தை மிச்சப்படுத்துவதுதான் முன்னேற்றம் என்றால், யாருடைய நேரத்தை என்று கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம்!